வலிக்காது என்னும் சொல்

கல்கத்தாவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் முதன்முதல் கற்றுக்கொள்ளும் வங்கச் சொற்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று ‘கொத்தோ’, மற்றொன்று ‘லாக்பே நா’. விலை கேட்பதற்கு முன்னது. வேண்டாம் என்று சொல்லி நகர்வதற்குப் பின்னது. லேக் மார்க்கெட்டின் பழைய கட்டடம் போய்ப் பல மாடி வளாகம் எழுந்துவிட்ட பின்னும், அதைச் சுற்றிய நடைபாதையில் வாழையிலையும் முருங்கைக்காயும் கதம்பமும் விற்போர் இருக்கவே செய்கின்றனர். அவர்களிடம் நம் வீட்டுப் பெண்டிர் ஒரு நாளைக்குப் பத்துமுறையேனும் ‘லாக்பே நா’ என்று சொல்லியிருப்பர். அவர்தம் முன்றானையைப் பற்றிக்கொண்டு நடக்கும் குழந்தைகளும் அச்சொல்லை அப்பொருளிலேயே கற்றுக்கொள்கின்றனர்.

அச்சொல்லுக்கு வங்க மொழியில் இன்னொரு பொருளும் உண்டு. ‘வலிக்காது’ என்பதே அது. அதனை நாம் அறிய நேர்ந்த இடம் அங்காடி அன்று. ஒரு மருத்துவமனையின் சிறிய அறை.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். திருச்சியிலிருந்து மாற்றலாகி இந்நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் நிரம்பியிருந்த வேளையில், அப்போது ஆறு வயதினளாயிருந்த எங்கள் மகளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. கால் வலிக்கிறது என்றாள்; வளரும் பிள்ளைக்கு வருவதுதான் என்றோம். முழங்காலுக்குக் கீழே காரணமின்றி நீலம் பாரித்த தடங்கள் தோன்றின. பள்ளியில் விழுந்திருப்பாள் என்றோம். முகம் வெளுத்தது, கல்கத்தாத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். நோய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம் கற்பித்துக்கொண்டிருந்த எங்கள் திறமையை எண்ணும்போது இப்போதும் நாணமாகவே இருக்கிறது. குருதிச் சோதனையும் எலும்பு மச்சைச் சோதனையும் முடிந்தபின், அது இரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகை, குணமாகக்கூடிய வகை என்றனர். மருத்துவர் அம்மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எங்கள் செவியில் முதற்சொல் மட்டுமே விழுந்தது.

மருத்துவம் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்றனர். முதல் ஒரு திங்கள் கடுமையானது. அதன்பின் சில திங்கள்கள் ஏறியும் இறங்கியும் செல்லும். பிறகு நாள்தோறும் மாத்திரையும், குறித்த இடைவெளியில் ஊசியுமாக நெடுநாள் காத்தல். இவற்றுள் ஒன்று முதுகில் இடப்படும் ஊசி. குருதியில் செலுத்தும் மருந்துகளுள் பல மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீருக்குள் போதிய அளவு புகுவதில்லை. அங்கே நோயணுக்கள் பதுங்கியிருந்து பின்னர்த் தலைதூக்கும். ஆதலால் இடுப்புக்கு மேலே இரு முள்ளெலும்புகளுக்கு இடையே நீண்ட மெல்லிய ஊசியைச் செலுத்தி, சில துளி நீரை எடுத்துவிட்டு, அதே வழியாக மருந்தை உட்செலுத்துவர். குழந்தை ஒருபுறமாகப் படுத்து, முழங்கால்கள் மார்பைத் தொடும்படி இறாலைப் போல் வளைந்து அசையாதிருத்தல் வேண்டும். ஆறு வயதுக் குழந்தை தானே அவ்வாறு இருக்குமா? யாரேனும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மயக்கம் கொடுத்துச் செய்யும் முறையும் உண்டு; பின்னாளில் எங்கள் மகளுக்குச் சிலமுறை அவ்வாறே செய்தனர். மயக்க மருந்து வல்லுநர் கிடைக்காத நாள்களில் தோல் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு நிறுத்திக்கொள்வர். முதல் நாள் அத்தகைய நாளாக அமைந்தது. செவிலியர், அன்பு மிக்கவர், எங்கள் மகளின் தலையைத் தடவி, ‘எக்டுவோ லாக்பே நா’ என்றார். மகளின் முகம் மலர்ந்தது. நாமும் அதையே தமிழில் சொன்னோம்: “ஒண்ணும் வலிக்காதும்மா.” நம் ஒரு கை அவள் கழுத்தின் பின்னும், மற்றொரு கை அவள் முழங்காலின் பின்னும் இருந்தன. ஊசி புகுந்தது. அவள் எழுப்பிய ஒலியை ஈண்டு எழுதப் போவதில்லை.

வீடு திரும்பியபின் இரவு அவள் கேட்டாள்: “ஊசி வேண்டாம்னுதானே அந்த அக்கா சொன்னாங்க? அப்புறம் ஏன் போட்டாங்க?” சற்று நேரம் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, காய்கறிக் கடையில் தாய் சொல்லக் கேட்ட பொருளிலேயே அவள் அச்சொல்லைக் கொண்டாள் என்பது தெரிந்தது. ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டு ஊசியிட்டார்கள். வலிக்காது என்று சொல்லிவிட்டு அப்பா அசையாமல் பிடித்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு மொழிகளில் அவள் ஏமாற்றப்பட்டாள். செவிலியர் ஏமாற்றியது மொழியின் பிழையால். நாம் ஏமாற்றியது அறிந்தே.

அன்றிரவிலிருந்து எங்களை வாட்டிய வினா இதுதான்: குழந்தையின் நன்மைக்காகக் குழந்தையிடம் பொய் சொல்லலாமா?

வினாவைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவது வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் பொய்க்கு விட்டுவைத்திருக்கும் சிறு இடமே. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யோடு ஒப்ப வைக்கப்படும் என்பது அவர் கருத்து. நாமும் அதனைப் பற்றிக்கொண்டு சில நாள் ஆறுதல் தேடினோம். ஆனால் அவர் அந்த நன்மைக்கு ஓர் அடைமொழி கொடுத்திருப்பதை நாம் வசதியாக மறந்திருந்தோம். விளையும் நன்மை குற்றம் நீங்கியதாக இருக்க வேண்டும். ‘வலிக்காது’ என்ற நம் சொல்லால் விளைந்த நன்மை யாது? ஊசி புகும் வரை, ஏறத்தாழ இரண்டு நிமிட நேரம், குழந்தை அமைதியாக இருந்தாள். அந்த இரண்டு நிமிடமும் உண்மையில் யாருக்குத் தேவைப்பட்டன? அவளுக்கா, நமக்கா? அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவளைப் பிடித்திருக்கும் துணிவு நமக்கு இல்லை. ஆகவே அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு பிடித்தோம். அடுத்த முறை அவளை அறைக்குள் கொண்டுசெல்ல நான்கு பேர் வேண்டியிருந்தது. ‘வலிக்காது’ என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அலறினாள். அச்சொல் அவளுக்கு ‘இப்போது வலிக்கப் போகிறது’ என்று பொருள்படத் தொடங்கிவிட்டது. பயன் கருதிச் சொல்லும் பொய் ஒரே முறைதான் பயன்படும் என்பதை எந்தத் தருக்க நூலும் இவ்வளவு விரைவாக எங்களுக்குக் கற்பித்திருக்காது.

செர்மானிய மெய்யறிஞர் காண்ட், 1797-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், கொலைகாரன் நம் நண்பனைத் தேடி வந்து வினவினாலும் பொய் சொல்லுதல் கூடாது என்று வாதித்தார். பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது நகைத்தோம். இப்போதும் அது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஊசிக்குப் பின் ஒன்று விளங்கிற்று. பொய்யின் தீமை, கேட்பவன் அடையும் தவறான எண்ணத்தில் மட்டும் இல்லை. அவன் இனி யார் சொல்லை நம்பி நிற்பது என்பதிலும் உள்ளது. கொலைகாரனுக்கு நம் சொல் தேவையில்லை. மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைக்கோ நம் சொல்லைத் தவிரக் காலூன்ற வேறு நிலம் இல்லை.

இதற்கிடையே கும்பகோணத்திலிருந்து மாமியார் கோரமண்டலில் வந்து இறங்கினார். முதற்காரியமாக, நோயின் பெயரை வீட்டில் எவரும் வாயால் சொல்லக்கூடாது என்று விதித்தார். “வாயில வெச்சா அது நிலைச்சுப் போயிடும்” என்பது அவர் கொள்கை. படித்தவர்கள் என்ற செருக்கில் நாங்கள் முதலில் சினந்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, தமிழ் இலக்கணமே அவர் பக்கம் நிற்பதாகத் தோன்றிற்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். மங்கலமல்லாததை மங்கலமாகச் சொல்லுதல் நம் மரபு. செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்கிறோம். வீட்டை விட்டுப் புறப்படுபவர் ‘போகிறேன்’ என்னாமல் ‘வருகிறேன்’ என்கிறார். இவையும் பொய்தாமே? குழந்தையிடம் ‘வலிக்காது’ என்பதும் ஒரு மங்கல வழக்குத்தானே?

இவ்வினாவோடு பல நாள் மன்றாடினோம். விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. எங்கள் மகளுக்கு வாரந்தோறும் குருதி நாளத்தில் செலுத்திய மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். அது ஒரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் பரவிய அச்செடியை வங்காளிகள் நயன்தாரா என்பர். நம் ஊரில் நித்தியகல்யாணி. இடுகாடுகளிலும் சுடுகாடுகளிலும் கேட்பாரற்று வளர்வதால் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் உண்டு. அச்செடியின் சாற்றை ஆராய்ந்து 1958-ஆம் ஆண்டில் கனடா நாட்டு அறிஞர்கள் ஒரு மருந்தையும், பின்னர் அமெரிக்க நிறுவனத்தார் அதன் உறவான வின்கிரிஸ்டினையும் கண்டறிந்தனர். 1963 முதல் அது வழக்கிற்கு வந்தது. மாமியார் இதைக் கேட்டதும், “நித்தியகல்யாணின்னே சொல்லுங்க” என்றார்; சொல்லும்போது கண்ணீர் வடித்தார். சுடுகாட்டு மல்லி என்ற பெயரை எங்களினும் நன்றாக அறிந்தவர் அவர். அறிந்தே மற்றப் பெயரைத் தேர்ந்தார்.

அதுவே வேறுபாடு. மங்கல வழக்கில் சொல்பவரும் கேட்பவரும் ஆகிய இருவரும் உண்மையை அறிவர். ‘வருகிறேன்’ என்று சொல்பவர் போகிறார் என்பது விடைகொடுப்பவருக்குத் தெரியாததன்று. இருவரும் சேர்ந்து ஒரு கொடிய பொருளுக்குத் துணி போர்த்துகின்றனர். போர்த்த துணிக்குக் கீழே இருப்பது இருவருக்கும் தெரியும். ‘வலிக்காது’ என்பதில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அங்கே துணி போர்த்தப்பட்டது உண்மையின் மேல் அன்று. குழந்தையின் கண்ணின் மேல்.

சொல்லைப் பற்றிய வினா இவ்வாறு ஒருவாறு தெளிந்தது. கையைப் பற்றிய வினா தெளியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டே பிடித்தாலும், பிடிக்கும் கை பிடிக்கும் கைதானே? வேண்டாம் என்று அலறும் ஓர் உயிரை, அதற்கு மிக நெருங்கியவர் என்ற உரிமை ஒன்றினாலேயே, அடக்கிப் பிடிக்கிறோம்.

பெரிய புராணத்தில் சிறுத்தொண்டர் வரலாற்றை நாம் சிறு வயதில் கதையாகக் கேட்டவர்கள். வாதாபிப் போரில் வெற்றி கொண்ட தானைத் தலைவர், பின்பு அடியவர்க்கு அமுதூட்டும் சிறு தொண்டராய்த் திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்தார். வைரவ வேடத்தில் வந்த விருந்தினர், ஒரு குடிக்கு ஒரே மகனாய், ஐந்து வயதினனாய், உறுப்புக் குறையற்றவனாய் உள்ள பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமுவந்து சமைத்தளிக்க வேண்டும் என்றார். அக்கதையில் நெஞ்சை அறுக்கும் இடம் அரிதல் அன்று என்று இப்போது தோன்றுகிறது. தாயும் தந்தையும் தன்னைச் சேர்த்துப் பிடிப்பதைக் கண்ட சீராளன், அவர்கள் ஏதோ பெருமகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சிரிக்கிறான். சேக்கிழார் அச்சிரிப்பை வைக்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. ‘எக்டுவோ லாக்பே நா’ என்ற சொல்லைக் கேட்டு எங்கள் மகளின் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் சீராளனும் உடன் வருகிறான். இறுதியில் அழைத்தபோது அவன் பள்ளியிலிருந்து ஓடிவருவது போல் வருகிறான். பெற்றோர்க்குக் குழந்தை மீண்டும் கிடைக்கிறது. பிடித்த கையைப் பற்றி அவன் பின்னர் என்ன நினைத்தான் என்பதைக் கதை பேசவில்லை.

உருசிய நாட்டின் தாஸ்தயேவ்ஸ்கி, 1880-இல் நிறைவுற்ற ‘கரமசோவ் சகோதரர்கள்’ என்னும் புதினத்தில், உலகம் முழுவதன் இன்பமும் ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் கட்டப்படுமாயின் அதை ஏற்கலாமா என்று இவான் என்னும் பாத்திரத்தின் வாயிலாகக் கேட்கிறார். இவானுக்கு நாங்கள் எளிதாக விடை சொல்லிக்கொண்டோம். எங்கள் மகளின் கண்ணீர் வேறெவருடைய இன்பத்துக்காகவும் அன்று, அவளுடைய உயிருக்காகவே. அழுபவளும் பயன்பெறுபவளும் ஒருத்தியே. ஏழு வயதில் அழுதவளுக்காக இருபது வயதில் அவளே நன்றி சொல்வாள் என்று கணக்கெழுதினோம். நாம் கணக்கெழுதிப் பழகியவர் அல்லவா!

ஆனால் அக்கணக்கில் ஒரு பற்று விடுபட்டிருந்தது. மருந்துகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அது தெரிந்தது. முதுகில் செலுத்தும் மருந்தான மெதோட்ரெக்சேட்டுக்கு மூத்த உறவு அமினோப்டெரின். அவ்வகை மருந்துகள் உருவான ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகத சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கதர் உடுத்தியமையால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகிக் குறைந்த பட்டமே பெற்று வெளியேறி, அமெரிக்கா சென்றவர். அவர் கூடம் உருவாக்கிய மருந்தைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்குச் செலுத்தினார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூன் மாதத்தில் அந்த அறிக்கை வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அதற்கு முன்பு இந்நோய் கண்ட குழந்தை சில வாரங்களோ சில திங்கள்களோதான் வாழும். இன்று செல்வம் மிகுந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளை நெருங்கிப் பிழைக்கின்றனர். நம் நாட்டில் அதனினும் குறைவு என்றாலும், பிழைப்பவர் பலர்.

அந்தப் பதினாறு குழந்தைகளையும் யாரேனும் பிடித்துத்தானே இருப்பர்? அவர்களுக்குக் கிடைத்தது சில திங்கள் தவணை. அவர்களுடைய கண்ணீரின் பயன் அவர்களுக்கு வரவில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தைக் கடந்து, கடலைக் கடந்து, லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ்க் குழந்தைக்கு வந்திருக்கிறது. ஆகவே இவானின் வினா நம்மை விட்டுவிடவில்லை. வேறு குழந்தைகளின் துன்பத்தின் மேல்தான் எங்கள் நம்பிக்கை கட்டப்பட்டிருக்கிறது. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். மறுத்திருக்க முடியும் என்று எண்ணவும் இயலவில்லை. ஏற்றுக்கொண்டவர்க்கு இவானோடு வாதிடும் தகுதி இல்லை என்று மட்டும் தெரிகிறது.

அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் ஹாஸ்ராச் சந்திப்பருகே சித்தரஞ்சன் புற்றுநோய் நிலையத்தைப் பேருந்து கடக்கும். அம்மருத்துவமனையை 1950 ஜனவரி 2-ஆம் நாள் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார். ஆறே ஆண்டுகளில், 1956-இல், அவர் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். வாழ்நாள் முழுதும் கையாண்ட கதிர்வீச்சே காரணம் என்பர். பேருந்தின் சன்னல் வழியே அக்கட்டடத்தைக் காணும்தோறும் வணங்கும் வழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது. அருகில் அமர்ந்திருப்போர் காளிகாட்டுக் காளியை வணங்குகிறார் என்று எண்ணிக்கொள்வர்.

சென்னைக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே ஏன் வைத்தீர்கள், அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கிய நிலையம் இருக்கிறதே, சாந்தா அம்மையார் கட்டிக் காத்த இடமாயிற்றே என்று உறவினர் பலர் தொலைபேசியில் கேட்டனர். மருத்துவ முறை ஒன்றே என்றும், நடுவில் நிறுத்துவதே பெருந்தீங்கு என்றும் மருத்துவர் சொன்னார், இருந்துவிட்டோம். விடுப்புகள் தீர்ந்தன, அரைச் சம்பள விடுப்பும் தீர்ந்தது, சேமநிதி முன்பணமும் கரைந்தது. இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, இரத்தத் தட்டணுக்கள் வேண்டியிருந்த இரவுகளில் எங்கள் பாராவின் மன்ற இளைஞர்கள் வரிசையாக வந்து நின்றதை. காளி பூசைக்குச் சந்தா கேட்டு வந்தபோது ‘லாக்பே நா’ என்று நாம் கதவடைத்த அதே இளைஞர்கள்.

இனிச் சொல்லப்போவது எளிதன்று.

மருத்துவமனையில் எங்கள் மகளுக்குப் பக்கத்துப் படுக்கையில், சுந்தரவனப் பகுதியிலிருந்து வந்த ஒரு சிறுவன் இருந்தான். இருவரும் பேசிப் பேசியே அவள் வங்க மொழி கற்றாள். ஒருநாள் அவன் படுக்கை வெறுமையாயிருந்தது. எங்கே என்று கேட்டாள். “ஊருக்குப் போயிட்டாம்மா” என்றோம். அது பொய்யன்று. அவன் தந்தை அவனை ஊருக்குத்தான் கொண்டுசென்றார். எந்நிலையில் கொண்டுசென்றார் என்பதை மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அசுவத்தாமா என்னும் யானை இறந்தது என்று சொன்ன தருமனின் தேர், அதுவரை தரையில் படாமல் சென்றது, அன்று மண்ணைத் தொட்டது என்பர். நாங்கள் அதற்கு முன்பே தரையில் நடந்தவர்கள். எனவே எதுவும் மாறியதாக வெளியே தெரியவில்லை. மகள் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று கொண்டோம்.

சில வாரங்களுக்குப் பின், மகள் மாமியாரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த நம் செவியில் விழுந்தது. அவனைப் பற்றிப் பாட்டி ஏதோ கேட்டிருக்க வேண்டும். மகள் சொன்னாள்: “அவன் செத்துப் போயிட்டான் பாட்டி. அப்பாகிட்ட கேக்காத. அப்பாவுக்குத் தெரியாது, பாவம்.”

அமெரிக்க மானிடவியலார் மைரா புளூபாண்டு லாங்னர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளின் மருத்துவமனைக் கூடத்தில் பல திங்கள் இருந்து கண்டவற்றை 1978-இல் ஒரு நூலாக வெளியிட்டார். எவரும் சொல்லாமலேயே அக்குழந்தைகள் தங்கள் நோயையும் அதன் முடிவையும் அறிந்திருந்தனர் என்பதும், அறிந்ததைப் பெற்றோர் அறியாவண்ணம் மறைத்தனர் என்பதும் அவர் கண்ட செய்தி. பெற்றோர் குழந்தையைக் காக்கத் தெரியாதவர் போல் நடிக்க, குழந்தை பெற்றோரைக் காக்கத் தெரியாதது போல் நடித்தது. நாம் அந்நூலைப் பற்றி அறிந்தது பின்னர். எங்கள் வீட்டில் அந்நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, நாடகம் நடத்துவோர் நாங்கள் மட்டுமே என்றே நம்பியிருந்தோம். ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி, தன்னந்தனியாக ஒரு சாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தந்தையின் மனம் நோகாதபடி அவருக்கு மங்கல வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவளருகில் அமர்ந்து, அவன் இறந்தது எங்களுக்குத் தெரியும் என்று சொன்னோம். அவள் நெடுநேரம் அழுதாள். அழுகைக்கிடையே, “அப்போ நீங்களும் அழுதீங்களா?” என்று கேட்டாள். ஆம் என்றோம். அது அவளுக்கு ஏதோ ஒருவகையில் நிறைவளித்தது போலத் தோன்றிற்று. பிறகு நாங்கள் அஞ்சியிருந்த வினாவைக் கேட்டாள்: “நானும் செத்துப் போவேனா?”

‘மாட்டாய்’ என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. ‘வலிக்காது’ என்ற சொல்லோடு உடன்பிறந்தது அது. மாமியார் கதவருகே நின்று, அதைச் சொல்லிவிடுங்களேன் என்று கண்ணால் மன்றாடினார். அவர் மன்றாடியதும் அன்பினாலேயே. “பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குணமாயிடுது. சில பேருக்கு ஆகறதில்லை. உனக்கு மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்றார். எது எப்படின்னாலும் உன்கிட்ட மறைக்க மாட்டோம், உன்கூடவே இருப்போம்” என்று சொன்னோம். சொல்லும்போது துணைவியாரின் கை நம் கையைப் பற்றியிருந்தது. மகள் சற்று எண்ணிவிட்டு, ஸ்டீராய்டு மாத்திரை தந்த பெரும்பசியில், தயிர்சாதம் வேண்டும் என்றாள். இரவு பதினொரு மணி. துணைவியார் எழுந்து சென்று புதிதாகச் சோறு வடித்தார். பழையதைக் கொடுக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

நாங்கள் செய்தது சரியா? மாமியார் இன்றளவும் தவறு என்றே கூறுகிறார். குழந்தைக்கு அத்துணைப் பெரிய உண்மையைத் தூக்கத் தோள் ஏது என்பது அவர் வாதம். தோள் ஏதுமின்றி அவள் முன்பே தூக்கிக்கொண்டிருந்தாள் என்பது நம் விடை. இருவரும் இதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. அக்குழந்தை கேட்காதிருந்தால் நாங்களாகச் சொல்லியிருப்போமா என்று துணைவியார் ஒருமுறை கேட்டார். சொல்லியிருக்க மாட்டோம் என்றே எண்ணுகிறோம்.

இப்போது மருத்துவம் காத்தல் நிலைக்கு வந்திருக்கிறது. இரவு தோறும் மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டுகிறோம். முடி மீண்டும் வளர்ந்து, முன்பினும் சுருள்சுருளாக இருக்கிறது. பள்ளிக்குப் போகிறாள். முதுகு ஊசி மூன்று திங்களுக்கு ஒருமுறை. மாடத்துத் தொட்டியில் மாமியார் நித்தியகல்யாணி வைத்திருக்கிறார். அது மழையிலும் வெயிலிலும் பூத்துத் தள்ளுகிறது.

ஊசி நாளுக்கு எங்களிடையே ஓர் உடன்படிக்கை உண்டு. ‘வலிக்காது’ என்ற சொல்லை எவரும் சொல்வதில்லை. செவிலியரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். “வலிக்கும், எண்ணி முடிக்கும் வரைதான்” என்று சொல்லிவிட்டு நாம் முப்பது வரை எண்ணுவோம். வங்க மொழியில் எண்ண வேண்டுமென்று முதலில் கேட்டாள். நமக்குப் பத்துக்கு மேல் தடுமாறும் என்று கண்டு, தமிழிலேயே எண்ணச் சொன்னாள். எண்ணத் தொடங்கியபின் நாம் அவளைப் பிடிக்க வேண்டியதில்லை. அவளே நம் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

சென்ற முறை ஊசி எளிதில் இடம் காணவில்லை. இருபத்தைந்து ஆயிற்று, மருத்துவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். நம் குரல் தானாகவே மெதுவாயிற்று. இருபத்தெட்டு. நீண்ட இடைவெளி. இருபத்தொன்பது. மருத்துவர் தலையசைத்த பிறகே முப்பது என்றோம்.

டாக்சியில் திரும்பும்போது மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: “இருபத்தொன்பதுக்கும் முப்பதுக்கும் நடுவுல ரொம்ப நேரம் ஆச்சுப்பா.”

ஆம், வேண்டுமென்றே நிறுத்தினோம் என்று ஒப்புக்கொண்டோம். ஏன் என்று கேட்டாள். முப்பதைத் தாண்டினால் நீ பயப்படுவாய் என்று நினைத்தோம் என்றோம்.

“அப்படின்னா நாற்பது வரைன்னு முதல்லயே சொல்லிடுங்க. முன்னாடியே முடிஞ்சா நல்லதுதானே?”

அடுத்த ஊசி வரும் மாதத்தில். நாற்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.